இருநூற்றுப் பன்னிரண்டும் ஒரு பூஜ்யமும்

அத்தியாயம் 6

"நாலு மணிக்குள்ள அந்தப் பொண்ணு இதுல கையெழுத்துப் போடணும்" என்று ஒரு கடிதத்தை எங்கள் பக்கம் தள்ளினார் மேலாளர். "போட வைக்கிறது உங்க பொறுப்பு. கேள்வி கேக்கறதுல நீங்க கில்லாடின்னு சொன்னாங்க."

'நீங்க' என்றது என்னை அல்ல, என் தங்கையை. துப்பறிகிறவள் அவள். நான் உதவியாளன். அண்ணன் தங்கைக்கு உதவியாளனாக இருப்பதில் எனக்கு வெட்கம் கிடையாது. விசிட்டிங் கார்டு அச்சடிக்கிற அன்றைக்கு மட்டும் லேசாக இருக்கும். வெளியாட்கள் முன்னால் நான் அவளை மேடம் என்று அழைக்க வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். அவளோ என்னை எங்கேயும் அண்ணே என்றுதான் அழைப்பாள். எங்களைச் சந்திக்கிறவர்கள் முதல் ஐந்து நிமிடம் யார் பெரியவர் என்று குழம்புவார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் அவள் பாதி உண்மையைக் கறந்துவிடுவாள்.

சுவர்க் கடிகாரம் இரண்டு பத்து காட்டியது. மூன்று மாடி ஏறி வந்ததில் எனக்குத் தொண்டை வறண்டிருந்தது. லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனியின் சொந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று பார்த்தேன்; தங்கை முறைத்தாள். மூலையில் தண்ணீர் கேன், அதன் பக்கவாட்டில் காகிதக் கப்புகள் அடுக்கிய நீளக் குழாய். கீழேயிருந்து ஒன்றை இழுத்தால் அடுத்தது இறங்கி நிற்கும். நான் கையை நீட்டினேன்.

"அண்ணே, கடிதத்தைப் படி."

கையை மடக்கிக்கொண்டு படித்தேன்.

'லிஃப்ட் சோதனை புரோகிராமில் மூன்றாம் தேதி காலை 11.10 மணிக்கு, யாரிடமும் கேட்காமல் மாற்றம் செய்தேன். இருபதாம் தேதி துணிக்கடை லிஃப்ட் விழுந்ததற்கு அந்த மாற்றமே காரணம். இதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது.'

கீழே ஒரு வெற்றுக் கோடு.

"விழுந்த லிஃப்ட்டுல யார் இருந்தாங்க?" என்றாள் தங்கை.

"ஒரு தபால்காரர். ரெண்டாவது மாடியிலேர்ந்து விழுந்துச்சு. கால்ல மாவுக்கட்டு. நாலு மணிக்கு விசாரணைக் குழு வருது. அவங்களுக்கு ஒரு காரணம் வேணும்."

"காரணம் வேணுமா, ஆள் வேணுமா?"

மேலாளர் சிரித்தார். ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கிறவர் சிரிக்கிற சிரிப்பு, பல் தெரியாது. "ரெண்டும் ஒண்ணுதானே மேடம்."

விஷயத்தை அவரே விளக்கினார். ஊர் முழுக்க இருநூற்றுப் பன்னிரண்டு லிஃப்ட்டுகள் இந்தக் கம்பெனியின் பராமரிப்பில். ஒவ்வொன்றும் தினமும் காலையில் தன் உடம்பு நிலவரத்தை அனுப்பிவிடும்: பிரேக் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, கம்பிக்கயிறு எப்படி, கதவு ஒழுங்காக மூடுகிறதா. ஆறு மணிக்கு ஒரு புரோகிராம் ஓடி எல்லாவற்றையும் சோதித்து, குறையுள்ளவற்றைப் பட்டியல் போடும். அதை எழுதியவள் ஒரு பெண். கம்பெனியின் ஒரே புரோகிராமர்.

"உங்க ஆபீஸ் ஏழாவது மாடிதானே? உங்க லிஃப்ட்டும் நம்மளுதுதான்" என்றார் பெருமையாக.

எங்கள் லிஃப்ட் ஒரு வாரமாக முனகுகிறது. நான் ஏறும்போது மட்டும்தான் என்று நினைத்து, காலைச் சிற்றுண்டியைக் குறைத்திருந்தேன்.

சுவரில் பெரிய ஸ்கிரீன். பச்சை எழுத்துகள்: சோதித்தவை 212. குறைகள் 0.

"பாருங்க, புரோகிராம் ஜம்முனு ஓடுது. இன்னிக்கும் எரநூத்திப் பன்னெண்டையும் பாத்திருக்கு. மூணாம் தேதி அவ பேர்ல ஒரு மாற்றம் பதிவாகியிருக்கு. மறுநாளே லீவு. அப்பாவுக்கு இதய ஆபரேஷனாம். பதினாறு நாள் கழிச்சு வந்தா. வந்த மறுநாள் லிஃப்ட் விழுந்துச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"அந்த மாற்றத்தையும், தினப்படி பதிவையும் பேப்பர்ல குடுங்க" என்றாள் தங்கை.

அவர் உற்சாகமாக அச்சிட்டுக் கொடுத்தார். மாற்றம் மொத்தம் ஏழே வரி. காகிதம் பறக்காமல் இருக்க அதன் மேல் எதையோ எடுத்து வைத்தார். கனமான, வட்டமான ஒரு டேப் சுருள். பழைய கம்ப்யூட்டர்களில் மாட்டுகிற வகை.

"இது உங்களுதா சார்?" என்று கேட்டேன்.

"நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துது. ஒரு கம்ப்யூட்டர் இந்த ரூம் சைஸ் இருக்கும் தம்பி. டேப்பை மாட்டி, ஒவ்வொண்ணாப் படிக்க வெச்சு… இப்ப உள்ளவங்களுக்கு என்ன தெரியும்!" அவர் விரல் அந்தச் சுருளைத் தடவியது. பேரப்பிள்ளை தலையைத் தடவுகிற மாதிரி.

தண்ணீர் குடிக்காமலே கீழே இறங்கினோம்.

வரவேற்பறையில் ஒரு பேனர் தொங்கியது. 'பதினாறு நாட்கள்! ஒரு குறையும் இல்லை!' ஒரு முனை அவிழ்ந்து, 'இல்லை' மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பத்தொன்பதாம் தேதி கட்டினார்களாம். மறுநாள் தபால்காரர் விழுந்தார். கட்டிய சுறுசுறுப்பு அவிழ்ப்பதில் யாருக்கும் இல்லை.

பேனருக்கு அடியில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். தோளில் பை. பக்கத்தில் நாலு காலி நாற்காலிகள்.

"உக்காந்திருக்கலாமே" என்றேன்.

"என்னை நிறுத்தி வெச்சிருக்காங்க" என்றாள். "சஸ்பென்ஷன் ஆர்டர்ல அப்படித்தான் இருக்கு. அதான் நிக்கிறேன். காலைல ஒன்பதுலேர்ந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும். இன்னியோட ரெண்டாவது நாள்."

எனக்கு உடனே அவளைப் பிடித்துப்போயிற்று. என்னை வேலையை விட்டு அனுப்பியவர்கள் ஆறு பேர். ஒருவர் முன்னாலும் இப்படி நிற்கத் தோன்றவில்லையே என்று வருத்தமாக இருந்தது.

"கையெழுத்துப் போடச் சொல்ல வந்தீங்களா?" என்றாள்.

"ஆமா" என்றாள் தங்கை.

"போட மாட்டேன்."

"சரி. அது முடிஞ்சுது. இப்ப வேற பேசலாம்." தங்கை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "லீவுலேர்ந்து வந்ததும் என்ன பாத்தீங்க?"

"பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் சும்மா எட்டிப் பாக்க வந்தேன். இந்தப் பேனரைப் பாத்தேன். எரநூத்திப் பன்னெண்டு லிஃப்ட்டுல தினமும் நாலோ அஞ்சோ குறை வரும். பதினாறு நாள் ஒண்ணுகூட வரலைன்னா எல்லா லிஃப்ட்டும் ஒரே நாள்ல சாமியாரா போயிடுச்சா? மறுநாள் காலைல புரோகிராமைத் திறந்து பாக்கணும்னு வந்தேன். அன்னிக்குக் காலை பூரா மேனேஜர் என்னை மீட்டிங்ல உக்கார வெச்சுட்டார், பேனருக்குப் பாராட்டு. மத்தியானம் லிஃப்ட் விழுந்துச்சு. சாயங்காலம் கதவு திறக்கிற என் கார்டைப் பிடுங்கிட்டாங்க. பத்து நிமிஷம் குடுங்க, பாத்துட்டுச் சொல்றேன்னு கெஞ்சினேன். குடுக்கல."

தங்கை தினப்படி பதிவை நீட்டினாள். "இதுல ஒரு வேடிக்கை. ரெண்டாம் தேதி சோதனை ஆறு மணிக்குத் தொடங்கி ஆறு நாலுக்கு முடிஞ்சிருக்கு. அதுக்கு முன்னாலயும் எல்லா நாளும் நாலு நிமிஷம். நாலாம் தேதிலேர்ந்து பாருங்க. ஆறுக்குத் தொடங்கி ஆறுக்கே முடியுது."

"இருக்கவே முடியாது. ஒவ்வொரு லிஃப்ட்டையும் போன வருஷத்து அளவோட ஒத்துப் பாக்கணும். நாலு நிமிஷம் ஆகியே தீரும்."

"அண்ணன் பாத்திரம் கழுவுற வேகத்துல முடிஞ்சிருக்கு. அப்படின்னா கழுவலைன்னு அர்த்தம்."

"மேடம்" என்றேன் நான், ஒப்பந்தத்தை நினைவூட்டும் குரலில்.

"அந்த ஏழு வரியைக் குடு அண்ணே."

கொடுக்கும் முன் நானும் ஒரு பார்வை பார்த்தேன். கம்ப்யூட்டர் வகுப்பில் நான் மூன்று முறை சேர்ந்திருக்கிறேன். மூன்று முறையும் 'லூப்' என்கிற பாடத்தில் நின்று, திரும்ப முதல் பாடத்திலிருந்து தொடங்கினேன். அதுதான் லூப் என்று யாராவது அப்போதே சொல்லியிருந்தால் தேறியிருப்பேன்.

புரோகிராமர் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். முதலில் புருவம் ஏறியது. பிறகு, நம்ப மாட்டீர்கள், சிரித்தாள்.

"இது என்னோடது இல்ல."

"உங்க பேர்ல பதிவாகியிருக்கே?"

"என் கம்ப்யூட்டர்ல உக்காந்து யார் அடிச்சாலும் என் பேருதான் விழும். ஆனா எழுத்து என்னோடது இல்ல. ஒவ்வொருத்தருக்கும் ஒரு கையெழுத்து இருக்குங்க, இதுலயும்." விரலால் வரி வரியாகக் காட்டினாள். "ஒரு வரிசைல இருக்கிறதையெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கணும்னா நாங்க ஒரே வரி எழுதுவோம். 'ஒவ்வொண்ணுக்கும் இதைச் செய்.' அவ்வளவுதான். எப்ப எடுக்கணும், எப்ப நிறுத்தணும்னு மெஷின் பாத்துக்கும். இந்த ஆள் அதை நம்பல. லூப்புக்கு வெளியவே 'முதல் ஆளைக் கூப்பிடு'ன்னு எழுதியிருக்கார். அப்புறம் 'ஆள் இருக்கிற வரைக்கும்'னு லூப். உள்ள ஒண்ணுன்னு எண்ணிக்கிறார். கடைசி வரில 'அடுத்த ஆளைக் கூப்பிடு'. ஆள் தீர்ந்ததும், பாருங்க, கதவைச் சாத்தியிருக்கார். 'மூடு'ன்னு தனியா ஒரு வரி. ரொம்ப மரியாதையான மனுஷன்."

"இப்படி யார் எழுதுவாங்க?"

"இந்தக் காலத்துல யாரும் எழுத மாட்டாங்க. இது டேப்…"

நிறுத்திவிட்டாள். தங்கையும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு ஒரு வட்டமான பேப்பர் வெயிட் கண் முன்னால் உருண்டது.

ஆனால் அவள் நிறுத்தியது அதற்காக அல்ல. காகிதத்தைத் திரும்பப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஐயோ. எண்ணிட்டாரு."

"எண்ணினா என்ன?" என்றேன். "எண்ணினா ஒண்ணும் கொறஞ்சுடாதே."

"கொறஞ்சுடும். இது சட்டியில இருக்கிற சாமான் மாதிரி இல்ல. காலைல வர்ற தகவலை நான் ஒரு இட்டரேட்டர்ல வெச்சிருக்கேன். 'அடுத்தது குடு'ன்னு கேட்டா ஒண்ணு குடுக்கும். மறுபடி கேட்டா அதுக்கடுத்தது. குடுத்ததைத் திரும்பக் குடுக்காது. பின்னால போகவே போகாது. என்னோட சோதனை லூப்புக்கு முன்னாடி இவர் இந்த ஏழு வரியைச் சொருகி, கடைசி வரைக்கும் வாங்கி எண்ணிட்டார். அதுக்கப்புறம் என் லூப் போய் 'அடுத்தது குடு'ன்னா…"

"ஒண்ணும் இருக்காது" என்றாள் தங்கை மெதுவாக.

"இருக்காது. அது தப்புன்னு மெஷின் கத்தாது. சோதிக்க யாரும் இல்ல, அதனால குறையும் இல்ல. பூஜ்யம். பச்சை எழுத்து. பேனர்."

"அப்ப இன்னிக்குக் காலைல?"

"இன்னிக்கும்தான். பத்தொன்பது நாளா எந்த லிஃப்ட்டையும் யாரும் பாக்கல. எரநூத்திப் பன்னெண்டும் இப்ப இந்த நிமிஷம் மேல கீழ ஓடிக்கிட்டிருக்கு."

எங்கள் ஏழாவது மாடி லிஃப்ட் நினைவுக்கு வந்தது. அந்த முனகல் என்னால் அல்ல. சிற்றுண்டியை அநியாயமாகத் தியாகம் செய்திருக்கிறேன்.

தங்கை எழுந்து சுவர் அருகே போனாள். சுவர் நிறைய ஃபோட்டோ. கம்பெனியின் எல்லா விழாக்களும். ஒவ்வொன்றிலும் நடுவில் மேலாளர்: ரிப்பன் வெட்டுகிறார், கோப்பை வாங்குகிறார், இன்னொருவர் வாங்குகிற கோப்பையையும் ஒரு கை பிடிக்கிறார்.

"அண்ணே, அவர் இல்லாத ஃபோட்டோ ஏதாவது இருக்கா?"

தேடினேன். கடைசி வரிசையில் இரண்டு இருந்தன. மூன்றாம் தேதி. வெளியூர் விருந்தாளிகள் ஏழெட்டுப் பேர். அவர்கள் நடுவே, பின்கட்டில் காட்சிக்கு வைத்திருக்கும் ஓடாத மாதிரி லிஃப்ட்டுக்குள் நின்று கதவைக் காட்டி விளக்குகிறாள் இந்தப் பெண். மூலையில் கேமரா பதித்த நேரம்: ஒன்றில் 11.09. இன்னொன்றில் 11.12.

"நீங்க 11.10க்கு இங்க நின்னுக்கிட்டிருக்கீங்க. உங்க சீட்டு?"

"மூணாவது மாடி. அவர் ரூமுக்கு அடுத்தது." அவளுக்கும் இப்போது உறைத்தது. "அன்னிக்குக் காலைல என்கிட்ட கேட்டார். விருந்தாளிங்க மேல வரும்போது ஸ்கிரீன்ல 'சோதித்தவை இத்தனை'ன்னு ஒரு பெரிய நம்பர் தெரியணும், உடனே செய்னு. நாளைக்குச் செய்றேன் சார்னு சொல்லிட்டு இறங்கிட்டேன். மெஷினைப் பூட்டாமப் போனது என் தப்பு."

"அந்தத் தப்புக்கு ஒரு கடிதம் தனியா எழுதிக்கலாம்" என்றாள் தங்கை. "வாங்க மேல."

"எனக்குக் கார்டு இல்ல."

"எங்ககூட வாங்க. எங்களுக்கும் இல்ல. அண்ணன் முன்னாடி நடப்பான், கதவு தானாத் திறந்துடும்."

உண்மைதான். என் உடல்வாகைப் பார்த்தால் காவலாளி எப்போதும் பெரிய அதிகாரி என்று நினைத்துவிடுகிறார்.

மேலாளர் அறைக்குள் நுழைந்தபோது மூன்று மணி. பெண்ணைப் பார்த்ததும் பேனாவின் மூடியைத் திறந்து தயாராக வைத்தார். "நல்லதும்மா. சின்ன வயசு. ஒரு வாரத்துல வேற வேலை கெடச்சுடும்."

"ஒரு நிமிஷம் சார். அண்ணனுக்குத் தாகம்" என்றாள் தங்கை.

நான் நன்றியோடு கேனை நோக்கிப் போனேன். அவள் எனக்கு முன்னால் போய், குழாயிலிருந்து ஒரு கப்பை உருவினாள். "ஒண்ணு" என்றாள். குப்பைக்கூடையில் போட்டாள். "ரெண்டு." அதுவும் கூடையில். "மூணு."

"மேடம்" என்றேன் பரிதாபமாக.

"பதிமூணு. பதினாலு." குழாயின் மூடியைத் தட்டி மூடினாள். "அண்ணே, இப்ப ஒவ்வொரு கப்பாப் பாத்து, எதுல ஓட்டைன்னு சொல்லு."

மூடியைத் திறந்து குழாய்க்குள் எட்டிப் பார்த்தேன். மறுமுனையில் தரை தெரிந்தது.

"எதுலயும் ஓட்டை இல்ல மேடம்."

"மொத்தம் எத்தனை கப்?"

"பதினாலு."

"பதினாலு கப், ஓட்டை பூஜ்யம். பேனர் கட்டலாமா சார்?"

மேலாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன கூத்து இது?"

"மூணாம் தேதி இந்தக் கூத்துதான் நடந்திருக்கு. சோதனைக்கு முன்னாடி யாரோ எண்ணியிருக்காங்க. எண்ணினதுல எல்லாம் தீர்ந்துபோச்சு. அதுக்கப்புறம் சோதிக்கப் போன லூப்புக்கு ஒண்ணுமே மிச்சமில்ல."

"அதெப்படித் தீரும்!" மேலாளரின் குரல் உயர்ந்தது. தன் சமையலைக் குறை சொன்னால் வருகிற குரல். "முழுசாப் படிச்சு, எண்ணி, ஒழுங்கா மூடியாச்சே! மூடினா சுருள் முதலுக்குத் திரும்பிடும். அடுத்தவன் படிக்கும்போது முதல்லேர்ந்துதானே வரும்!"

ஸ்கிரீன் பச்சையாக மின்னியது.

"டேப்புல வரும் சார்" என்றாள் புரோகிராமர். "இதுல வராது."

"அதைச் சுருள்னு நெனச்சு எழுதினவர் யாருன்னு நான் இன்னும் கேக்கவே இல்ல" என்றாள் தங்கை.

மேலாளர் சுருளைத் தொட்டார். பிறகு கையை எடுத்துக்கொண்டார். அந்தச் சில நொடிகளில் அவர் மேல் எனக்கு இரக்கம் வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். இருபது வருடம் வெறும் கையெழுத்துப் போட்டே ஓய்ந்த விரல்கள். ஒருநாள் காலியான நாற்காலி, திறந்த மெஷின். ஏழு வரி அடித்தார், ஓடியது, சரியான எண் வந்தது. அன்று மாலை வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லியிருப்பார், கை மறக்கலைன்னு.

"நான் எண்ணத்தானே செஞ்சேன்" என்றார். "எண்ணினா லிஃப்ட் விழுமா?"

"விழாதுன்னு நெனச்சீங்க. நெனச்சுக்கிட்டே, 'இந்த மாற்றம்தான் காரணம்'னு இவங்க பேர்ல ஒரு கடிதம் தயார் பண்ணினீங்க. பொய்யின்னு நம்பி எழுதினீங்க சார்." தங்கை கடிதத்தை எடுத்து அவர் முன்னால் விரித்தாள். "எழுத்துக்கு எழுத்து உண்மையா எழுதியிருக்கீங்க. ஒரு புள்ளி மாத்த வேண்டியதில்ல. கோட்டுக்குக் கீழ வர்ற பேர் மட்டும்தான் தப்பு."

என் தங்கை இன்சூரன்ஸ் கம்பெனியில் ஏழு வருடம் பொய்களைத் தரம் பிரித்தவள். உண்மையாகிப்போன பொய்யை அன்றுதான் முதல்முறை பார்த்தாள். கண்ணில் அந்த ரசனை தெரிந்தது.

மேலாளர் நெற்றியைத் துடைத்தார். "சரி. கடிதத்தைக் கிழிச்சுடறேன். தொழில்நுட்பக் கோளாறுன்னு சொல்லிடுவோம். இவ நாளைக்கே வேலைக்கு வரட்டும். விசாரணை முடியட்டும், ராத்திரி சத்தமில்லாம அந்த ஏழு வரியை எடுத்துடலாம். எல்லாருக்கும் நல்லது."

"ராத்திரி வரைக்கும்?" என்றாள் புரோகிராமர்.

"என்ன ராத்திரி வரைக்கும்?"

"ராத்திரி வரைக்கும் யார் ஏறி இறங்குறது சார்?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்; புரோகிராமர் காத்திருக்கவில்லை.

"நகருங்க. நான் புரோகிராமை ஓட்டணும்."

"உன்னை நிறுத்தி வெச்சிருக்கு. நீ மெஷினைத் தொடக்கூடாது!"

"மேடம், நீங்க எங்க கட்சிக்காரர்னு மறந்துடாதீங்க" என்று நான் தங்கையின் காதில் கிசுகிசுத்தேன். பதற்றத்தில் ஆளையே மாற்றிச் சொல்லிவிட்டேன். அவள் புரிந்துகொண்டாள்.

"சார், நீங்க எங்க கட்சிக்காரர்தான். ஆனா உங்க லிஃப்ட்டுல தினமும் ஏறுறது இவன். எனக்கு இருக்கிறது ஒரே அண்ணன். அதுவும் பழைய மாடல், பாகம் கெடைக்காது." கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாற்காலியை இழுத்துத் திருப்பினாள். "அம்மா, நின்னது போதும். உக்காருங்க."

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் உட்கார்ந்தாள்.

மேலாளர் மேஜையைச் சுற்றி வரப் பார்த்தார். நான் குறுக்கே நின்றேன். இந்தத் தொழிலில் நான் தேர்ந்த ஒரே கலை அதுதான். அவள் ஏழு வரிகளை எடுத்தாள். அழிக்கவில்லை, தேதியோடு தனியாகச் சேமித்து வைத்தாள். பிறகு ஓட்டினாள்.

நாலு நிமிடம். லூப் ஒன்று ஓடுவதை உட்கார்ந்து பார்ப்பது, பால் பொங்கக் காத்திருப்பதைவிட மோசம். முதல் லிஃப்ட், சரி. இரண்டாவது, சரி. நாற்பதாவதில் ஒரு மஞ்சள் வரி. தொண்ணூற்றொன்றில் சிவப்பு. முடிந்தபோது ஸ்கிரீனில் புதிய எண்: குறைகள் 17. அதில் சிவப்பு மூன்று. மூன்றிலும் பிரேக் தேய்ந்திருந்தது; விழுந்த துணிக்கடை லிஃப்ட்டிலும் அதே இடம்தான் தேய்ந்திருந்தது என்றாள் புரோகிராமர்.

ஒன்று பிரசவ ஆஸ்பத்திரி. ஒன்று பள்ளிக்கூடம். மூன்றாவது விலாசத்தை நான் இரண்டு முறை படித்தேன். எங்கள் விசிட்டிங் கார்டில் இருக்கிற விலாசம்.

"இந்த மூணையும் நிறுத்துறேன்" என்றாள் புரோகிராமர். "பக்கத்து மாடியில நின்னு, கதவைத் திறந்துவிட்டுட்டு ஓஞ்சுடும். யாரும் மாட்டிக்க மாட்டாங்க."

"என் அனுமதி இல்லாம நிறுத்தக்கூடாது!" மேலாளர் கிட்டத்தட்டக் கெஞ்சினார். "நிறுத்தினா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நாலு மணிக்கு ஆள் வராங்கம்மா. எனக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு."

அவள் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை. "தபால்காரருக்கு எத்தனை மாசம் சார், மாவுக்கட்டு?"

விசையை அழுத்தினாள்.

மூன்று சிவப்பு வரிகளும் சாம்பல் நிறமாயின. ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மேஜைத் தொலைபேசி அலறியது. அதை எடுப்பதற்குள் இன்னொன்று. மேலாளர் முதலாவதை எடுத்தார். யாரோ கத்துவது எங்கள் வரை கேட்டது: யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். ஸ்கிரீனைப் பார்த்தார். பதினேழு.

"நான்தான்" என்றார். "நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன இருந்தாலும் மனுஷன், என்று தங்கையிடம் சொல்லத் திரும்பினேன். அதற்குள் புரோகிராமர் எழுந்து, ரிசீவரின் வாயைக் கையால் பொத்தினாள்.

"இல்ல சார். நிறுத்தினது நான். அதுல உங்க பேரைப் போட்டுக்காதீங்க. அதை என் பேர்ல எழுதுங்க. எண்ணினதை உங்க பேர்ல எழுதுங்க." கடிதத்தையும் மூடி திறந்த பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினாள். "பேச்சு வேண்டாம். பேப்பர்ல. நாலு மணிக்கு அவங்க கேட்டா நான் இங்கதான் இருப்பேன். உக்காந்து."

கடிகாரம் மூன்று நாற்பது. அவர் அந்த வெற்றுக் கோட்டைப் பார்த்தார். பிறகு ரிசீவரைக் கீழே வைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முழுக் கடிதத்தையும் முதலிலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். கையெழுத்துப் போட்டார். பழக்கம் விடவில்லை: பேனாவை ஒழுங்காக மூடிவைத்தார்.

நாங்கள் அலுவலகத்துக்குத் திரும்பியபோது கட்டட வாசலில் கூட்டம். லிஃப்ட் மூன்றாவது மாடியில் வாயைத் திறந்துகொண்டு நின்றுவிட்டதாம். பல் டாக்டர் படிக்கட்டில் நின்று, தன் நோயாளிகள் சார்பில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"எவன்யா நிறுத்தினது?"

"நாங்கதான்" என்றேன். வாழ்க்கையில் ஒரு கேள்விக்கு நான் இவ்வளவு நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொன்னதில்லை. நெஞ்சுக்கு முன்னால் வயிறு நிமிர்ந்தது, பரவாயில்லை.

"நூத்தி இருபத்தாறு படி அண்ணே" என்றாள் தங்கை. "ஏறிடுவியா?"

"மேலதானே தண்ணி இருக்கு."

ஏறினேன். எண்ணிக்கொண்டே ஏறினேன். அன்றைக்கு நடந்ததற்குப் பிறகு எண்ணினால் மட்டும் போதாது என்று தோன்றியதால், ஒவ்வொரு படியையும் பார்த்தும் ஏறினேன். ஐம்பத்து மூன்றாவது படியின் விளிம்பு உடைந்திருந்தது. எத்தனை வருடமாகவோ. பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து, பின்பக்கம் 'இந்தப் படி உடைந்திருக்கிறது, பார்த்துக் கால் வையுங்கள்' என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.